நாலு மாதத் தவணை

பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு வீடாகப் போய்த் தபால் ஆபீஸ் சிறுசேமிப்புக்குப் பணம் வாங்குவது என் தொழில். மாதா மாதம் ஐந்தாம் தேதி மஞ்சள் பையோடு கிளம்புவேன். பாதிப் பெண்களின் பாஸ்புத்தகம் என் பீரோவில்தான் இருக்கும். வீட்டில் வைத்தால் புருஷன் கண்ணில் பட்டுவிடுமாம். மயிலாத்தாள் அக்காவின் புத்தகமும் அங்கேதான் இருந்தது.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. வார்ப்படப் பட்டறையில் மண் சலிக்கிற வேலை. புருஷன் வெள்ளியங்கிரி ஒரு மோட்டார் கம்பெனியில் வாட்ச்மேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே வியாதி தங்கச்சி வீட்டுச் சீர். காதுகுத்தா, கல்யாணமா, மாமன் சீர் என்று கையில் இருப்பதையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்.

“நாளைக்கு நடமாட்டம் நின்னுபோச்சுன்னா ஒரு மாத்திரைக்குக்கூட மருமக கையப் பாக்கோணும் அம்மணி. இது எங்கூட்டுக்காரருக்குத் தெரியவே கூடாதுங்க” என்று சொல்லித்தான் 1992-இல் அக்கா கணக்கு தொடங்கினாள். மாதம் நூறு ரூபாய், ஐந்து வருடம்.

மூன்றாவது வருடம் வெள்ளியங்கிரியின் மூக்குக்கண்ணாடிக் கால் ஒடிந்தது. நூல் சுற்றி மாட்டிக்கொண்டு, புதுசு வாங்க நூறு ரூபாய் குறைகிறது, இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

“எங்கிட்ட ஏதுங்க, சல்லிக்காசு இல்லைன்னுபோட்டேன். நோட்டு சக்கரை டப்பாவுக்குள்ள கெடக்குது” என்று மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் ஆர்டர் இல்லாமல் பட்டறையை மூடினார்கள். அக்கா கையில் ஒன்றும் இல்லை. தவணை தொடர்ந்து விட்டுப்போனால் கணக்கு முடங்கிவிடும். அந்த மாதம் ஐந்தாம் தேதி சாயங்காலம் வெள்ளியங்கிரி என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நூல் சுற்றிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

“ஏனுங்க அம்மணி, இது அவ கணக்குக்குங்க. அஞ்சாந் தேதியானா நீங்க வாரீங்க, அவ என்னையக் கடைக்கு அனுப்பறா. எனக்கு அப்பவே தெரியுமுங்க. தெரியாதவனாவே இருந்துக்கறேன். எங்கிட்ட இருந்தா காசு நிக்காதுன்னு அவளுக்குத் தெரியுது.”

நாலு மாதம் இரட்டை ஷிப்டு பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவிடம் நான் “பாத்துக்கலாம், விடுங்கக்கா” என்று மட்டும் சொன்னேன். என் கமிஷன் காசில் கட்டுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. நன்றிக்கு முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கமில்லாமல் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பட்டறை திறந்ததும் அக்கா மறுபடி கட்டினாள். 1997-இல் கணக்கு முடிந்து எட்டாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. தபால் ஆபீஸ் படியிலேயே நாலு நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

“கட்டுன புருசன் செய்யாததை நீங்க செஞ்சீங்க அம்மணி.”

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சக்கரை டப்பாவும் தெரிஞ்சிருக்குமுங்களா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே, அவர் வழக்கமாகப் போகும் கடையில் பவர் கேட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாள். காசு ஏது என்று சொல்ல வேண்டுமே. பட்டறையில் போனஸ் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஐந்தாம் தேதி நான் அந்தப் பக்கம் போனபோது வாசலுக்கு வந்து மெல்லச் சொன்னாள்.

“நல்ல மொதலாளின்னு சொல்லிப்போட்டு வாங்கி மாட்டிக்கிட்டாருங்க. மாட்டிக்கிட்டு என்னையப் பாத்தாரு. நாந்தான் அம்மணி, தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.”