மாமியின் கிணறும் என் ஊறல் தண்ணீரும்

சண்டை முடிந்து, முகாமிலிருந்து மன்னார் அடம்பனுக்கு மீள்குடியேறி வந்த இரண்டாம் வருடம் நான் நெல் அவிக்கும் கொட்டில் போட்டேன். இரண்டு சீமெந்துத் தொட்டி, ஒரு பெரிய அடுப்பு, ஊர் முழுக்கக் கேட்கும் என் வாய். நெல்லை இரண்டு நாள் ஊறவிட்டு, அவித்துக் காயவைத்து மில்லுக்கு அனுப்புவேன். தொழில் நன்றாகவே போனது. ஊறிய தண்ணீரை வேலியோரம் திறந்துவிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் கிணறு.

மாமி எனக்கு உறவில்லை. முகாமில் அடுத்தடுத்த கூடாரத்தில் இருந்ததால் வந்த முறை அது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே தூர்ந்துபோன கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியவர். அவர் ஒருநாள் வேலியில் நின்று, "பிள்ளை, உன்ர தண்ணி என்ர கிணத்துக்கை வருது. புளிச்ச மணம் மணக்குது" என்றார்.

"உங்கட மூக்கிலதான் பிழை" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அவரும் விடவில்லை, சுகாதாரப் பரிசோதகரிடம் போனார். பரிசோதகர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூண்டு மாசம் தாறன் அக்கா. சரிவராட்டி கொட்டிலைப் பூட்டத்தான் வேணும்" என்றார். மாமி கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கத் தொடங்கினார். என் வேலிப் படலையைத் தாண்டித்தான் போவார். என்னைப் பார்க்கமாட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டு நிறுவனக்காரர் எங்கள் பெண்கள் சங்கத்தைப் பஸ்ஸில் ஏற்றி, மலைநாட்டில் ஒரு கோப்பித் தோட்டம் காட்டக் கூட்டிப் போனார்கள். மன்னார் வெயிலில் யார் கோப்பி நடப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இலவசப் பயணம், கேட்போமா? மற்றவர்கள் சிவந்த பழங்களோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, எனக்கு என் கொட்டில் மணம் அடித்தது. மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கோப்பிப் பழம் கழுவிய தண்ணீர் ஒரு குழியில் தங்கித் தெளிந்தது. சுண்ணாம்புக்கல் நிரப்பிய அடுத்த குழியில் புளிப்பு அடங்கியது. பிறகு மாட்டுப் புல்லுக்குப் பாய்ந்தது. அங்கே வேலை செய்தவரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிட்டேன். மாமியின் மூக்கில் பிழையில்லை என்று அந்தக் குழியடியில்தான் ஒத்துக்கொண்டேன், அதுவும் மனதுக்குள். வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் கிணற்றுக்குத் தூரமாகக் குழிகள் வெட்டினேன். சுண்ணாம்புக்கல்லுக்கு எங்கே போவது? சிப்பியும் சுண்ணாம்புதானே. மன்னார் தீவிலிருந்து ஊருக்கு மீன் கொண்டுவருபவர் நாலு மூட்டை கடற்கரைச் சிப்பி இறக்கினார். பெரிய கெட்டிக்காரி மாதிரி அதை அப்படியே குழிக்குள் கொட்டினேன். கடைசிக் குழியிலிருந்து தண்ணீர் புதிதாக நட்ட வாழைகளுக்குப் போனது. ஒரு கிழமையில் வாழை இலைகளின் விளிம்பு கருகிவிட்டது. கடல் சிப்பியில் உப்பு ஒட்டியிருக்கும் என்பது இந்த வயல்காரியின் மண்டைக்கு எட்டவில்லை! எல்லாவற்றையும் அள்ளி, இடுப்பு ஒடியக் கழுவி, திரும்பப் போட்டேன். யாருக்கும் மூச்சுவிடவில்லை. ஆனால் அந்த உப்பு நிலத்துக்குள் இறங்கி மாமியின் கிணற்றுக்குப் போயிருக்குமோ என்ற பயத்தில் பல நாள் சோறு இறங்கவில்லை.

மாரி மழை பெய்தது. வாழை பச்சைக் குருத்து விட்டது. மணமும் போனது. சொன்னபடி பரிசோதகர் வந்து, கொட்டிலைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு மாமியின் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"இப்ப தண்ணி எப்பிடி அம்மா?"

மாமி ஒரு வாளி அள்ளி என் முன்னால் நீட்டினார். "இவ முதல் குடிக்கட்டும். பிறகு சொல்லுறன்."

வாளியை வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். புளிப்பு இல்லை. உப்பும் இல்லை. நல்ல தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். நம்பமுடியாமல் இன்னொரு முறை வாளியைச் சரித்தேன்.

"குடிச்சது காணும் பிள்ளை, எனக்கும் கொஞ்சம் விடு" என்று மாமி வாளியைப் பறித்து, மூன்று மாதம் வாயில் வைக்காத தன் கிணற்றுத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தார்.