சம்பந்தி கட்டிய வீடு

திருவேங்கடம் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த தன் வீட்டைக் கடக்கும்போது அத்தான் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைப்பார், இறங்கமாட்டார். என் அக்காவின் கணவர் அவர். வீட்டைக் கட்டிய காண்ட்ராக்டர் அவருடைய மகளின் மாமனார். சம்பந்தியின் வேலையை நின்று பார்த்தால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமாம். "மொகத்துக்கு நேரா வேல சொல்லுததுக்கு அவுக என்ன கூலியாளா?" என்பார். ஆகவே சொல்ல வேண்டியதெல்லாம் மகள் வழியாகவே போயிற்று.

முழங்கால் தேய்ந்தவர். தன் படுக்கையறையோடு சேர்ந்தாற்போல் ஒரு குளியலறை, அதுதான் அவர் கேட்டது. மகள் போய்ச் சொன்னாள். கழிவுநீர்க் குழாய் பூசையறைக்கு அடியில் போகுமே, கொல்லைப்பக்கம் வைத்தால் அப்பாவுக்குச் சம்மதமா என்று மாமனார் கேட்டனுப்பினார். அப்படியே சொன்னால் அப்பாவின் முகம் வாடும் என்று அவளுக்குப் பயம். "மாமா பாத்துச் செய்யுதேன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். "சம்பந்திக்குத் தெரியாததா?" என்றார் அத்தான். அந்தப் பதிலையே அவள் சம்மதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஆடித்தபசுத் திருவிழா கழிந்து ஆவணி பிறந்த முதல் ஞாயிறு, கூரைக் கான்கிரீட். வேலையாட்களுக்குக் கறிச்சோறு. அன்றுதான் அத்தான் முதன்முதலாக உள்ளே வந்தார். குளியலறை கொல்லையில் இருந்தது, மூன்று படி இறங்கி. கை நனைக்காமல் திரும்பிவிட்டார். விருந்தில் அவமானப்பட்டதாகச் சம்பந்தி வேலையை நிறுத்தினார். இருவரும் கோபத்தை அந்தப் பெண்ணிடமே கொட்டினார்கள். அக்கா வீட்டுக்கு வந்தவளைத் திரும்ப அழைத்துப்போக யாரும் வரவில்லை.

புரட்டாசி பிறக்குமுன் அவளே இருவரையும் அந்தக் குளியலறைக்கு வரவழைத்தாள். நானும் போயிருந்தேன்.

"இனிமே நான் தூது போமாட்டேன். அவங்கவங்க பேச்ச அவங்கவங்களே பேசிக்கிடுங்க."

அத்தான் பூசாத சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"மூணு படி எறங்க என் காலு கேக்காது, அண்ணாச்சி" என்றார் அத்தான்.

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா? நீங்க வண்டிய விட்டே எறங்கலையே."

"எறங்குனா தப்பா நெனைப்பீயளோன்னுதான்."

"எறங்காம போனதுக்கு மட்டும் நல்லாவா நெனைச்சேன்?"

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று வெயில் தாழும்வரை இருவரும் உரக்கச் சண்டை போட்டார்கள். மாலையில் மாமனாரின் காரிலேயே அவள் தன் வீட்டுக்குப் போனாள்.

அத்தான் இப்போது இல்லை. சம்பந்தி இன்றும் வந்து போகிறார். போன வாரம் சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு கூடிப்போச்சு" என்றார் அக்காவிடம். "அப்ப மோர ஊத்திக்கிடுங்க" என்றாள் அக்கா. இருவருக்கும் நடுவில் இருந்த மகள் தலை நிமிராமல், நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.