வேப்பிலையோடு மாடியேறிய அம்மா

கரியாஹாட் சந்தையில் இளம் வேப்பிலையைக் கட்டுக்கட்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கே வங்காளிகள் செய்வதுபோல் கத்தரிக்காயோடு சேர்த்து வறுக்க வாங்கினேன். அந்தக் கசந்த வாசனை மூக்கில் ஏறியதும் சின்ன வயதில் டாலிகஞ்சில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸின் ஈரப் படிக்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

மேல்வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் தனியாக இருந்தார். பிள்ளைகளுக்கெல்லாம் அவர் மாசிமா, நம்மூர்ப் பெரியம்மா மாதிரி. குழாயடியில் தன் வாளியைக் காணோம் என்று, எல்லார் முன்னாலும் அம்மாவைத் திருடி என்று ஏசிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை. அந்தப் பங்குனியில் மாசிமாவுக்கு அம்மை போட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா கஞ்சியும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"உனக்கு இன்னும் அம்மை வந்ததில்லையே. தொத்திட்டுன்னா பிள்ளைகள யாரு பாப்பா?" என்று அப்பா தடுத்தார்.

"அவள மன்னிச்சிட்டேன்னு தெனமும் ஜெபம் பண்ணுதேன். இப்பம் தண்ணி கேட்டுக் கத்துதா. நான் போகலைன்னா அந்த ஜெபம் பொய்யில்லா?"

அப்பா வழிவிட்டார். அம்மா தினமும் போய்த் துணி மாற்றினாள், கஞ்சி புகட்டினாள், அரிப்பெடுத்த இடங்களை வேப்பிலையால் வருடிக் கொடுத்தாள்.

மாசிமா தேறியபோது, அப்பா பயந்தது போலவே அம்மாவுக்கும் போட்டது. அன்று காலை மாசிமா சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்தார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க ஆபீஸ் போங்க, என் மகளை நான் பார்த்துக்கறேன்" என்று அப்பாவிடம் இந்தியில் சொன்னார்.

அம்மாவின் நெற்றியில் ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. இப்போதும் அவளுக்குத் தலை வாரிவிடும்போது, என் விரல் அங்கே கொஞ்சம் நின்றுதான் போகும்.