பல்லி விரல்

“விரலப் பாத்து நெஞ்சுக்குள்ள இருக்கிறதச் சொல்லுதீகளே சிஸ்டர், நீங்க நர்ஸுக்குப் படிச்சீகளா, சோசியத்துக்குப் படிச்சீகளா?”

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எங்கள் மருத்துவ வேன் நின்றிருந்தபோது, அங்கிருந்த போர்மேன் அண்ணாச்சி கேட்டது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா திருத்தங்கலில் தீப்பெட்டி ஒட்டியவர், அப்பா அச்சாபீஸ்களுக்கு லோடு இறக்கியவர். நர்ஸிங் சேர்ந்த நாளிலிருந்தே இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குப் பழக்கம். படித்ததைச் சொல்ல நான் கூச்சப்பட்டதும் இல்லை.

வேன் வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்காக அன்று நடந்ததை எழுதுகிறேன்.

1. எண்ணெயும் பஞ்சும்

எடை, பிரஷர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பிறகு டாக்டரம்மா. இதுதான் வேனில் வரிசை. அலுமினியப் பவுடர் அப்பிய விரலில் மெஷின் சரியாக எண் காட்டாது. அதனால் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாகத் துடைப்பேன். எனக்குப் பிடித்த வேலை அது. வெயிலில், தூரத்தில் தனித்தனியாக நிற்கும் பட்டாசு ரூம்கள் எல்லாம் கரிசல் காட்டின் மேல் மிதப்பதுபோலத் தெரியும். பேச்சுச் சத்தம் எங்கோ தள்ளிக் கேட்கும். என் கைக்குள் ஒரு வெள்ளிக் கை மெதுவாகக் கரைந்து, உள்ளிருந்து ஒரு பெண்ணின் கை வெளியே வரும்.

அப்படித்தான் முத்துலட்சுமியின் கையும் வந்தது. முப்பது வயதிருக்கும். புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டுகிறவள். விரல் நுனி எல்லாம் உருண்டு பருத்திருந்தது. நகங்கள் பழைய கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி உப்பி வளைந்திருந்தன.

“அவளுக்குப் பல்லி விரலு சிஸ்டர். ஒரு அமுக்குதான், லேபிள் அங்கனயே ஒட்டிக்கிடும்” என்றாள் பக்கத்தில் நின்றவள். முத்துலட்சுமி பெருமையாகச் சிரித்தாள். அந்த விரலுக்காக அவள்மேல் பொறாமைப்பட்டவர்கள்கூட அங்கே உண்டு.

மெஷினில் தொண்ணூற்றேழு வந்தது. நல்ல எண். போர்மேன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நான் அவளைப் போகவிடவில்லை. என் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டினாற்போல் சேர்த்துக் காட்டினேன். நடுவில் சாய்சதுரமாக ஒரு சின்ன இடைவெளி தெரியும், வெளிச்சம் வரும். அவள் குனிந்து அதன் வழியாக வெகுநேரம் பார்த்தாள். உள்ளே ஒரு துண்டு வானம் தெரிகிறது என்றாள். பிறகு தன் விரல்களைச் சேர்த்தாள். அங்கே வெளிச்சமே இல்லை. நுனி இப்படிப் பருத்து அந்த இடைவெளி அடைபட்டால் உள்ளே ஏதோ நோய் இருக்கலாம்.

நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும் என்று நான் சொன்னதும்தான் போர்மேன் அந்தக் கேள்வியைக் கேட்டார். விரல், நோயின் பெயரைச் சொல்லாது, எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்லும் என்றேன். நுரையீரலில் இருக்கலாம், இருதயத்தில் இருக்கலாம், ஈரலில்கூட இருக்கலாம். சில குடும்பங்களில் பிறவியிலேயே இப்படி இருப்பதும் உண்டு. அவளிடம் கேட்டேன். அவள் வீட்டில் யாருக்கும் இல்லையாம். கல்யாணத்தின்போது அவளுக்கே இல்லையாம்.

2. வெற்றிலை

வேனுக்குள் அழைத்துப்போய் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்ப மாட்டேன் என்றாள். இருமல் உண்டா என்று கேட்டேன். பவுடர் இருமல், எல்லாருக்கும் உள்ளதுதான் என்றாள். காலையில் சளி எம்புட்டு வரும் என்று கேட்டபோது வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வேன் கதவைச் சாத்தினேன். அதன்பிறகுதான் பேசினாள்.

“எனக்கு வெத்தலையே பிடிக்காது சிஸ்டர். சளியில ரத்தம் வருது. செவப்பாத் துப்புனா நாலு பேரு கேப்பாகள்ல? அதான் மென்னுக்கிட்டே திரியுதேன்.”

யாரிடமும் சொல்லவில்லையா என்றேன்.

“சொன்னா வேலைக்கு அன்ஃபிட்டுன்னு எழுதிருவீக. சீசன் நேரத்துல கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்கணும். ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போக?”

டாக்டரம்மா அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடது பக்கம் அடியில், சட்டியில் உப்புப் பொரிவதுபோன்ற சத்தம். எனக்கும் கேட்கக் கொடுத்தார். எக்ஸ்ரேக்கும் சளிப் பரிசோதனைக்கும் எழுதினார்.

சீட்டை உடனே அவள் கையில் கொடுக்காமல் நானும் டாக்டரம்மாவும் முதலில் போர்மேனிடம் போனோம். என்ன நோய் என்று அவரிடம் பேசவில்லை. தூசி இல்லாத வேலை வேண்டும், ஆஸ்பத்திரி போகிற நாட்களில் வேலைப் பட்டியலில் பெயரை அடிக்கக்கூடாது, அவ்வளவுதான் கேட்டோம்.

“பல்லி விரலுக்காரியத் தூக்கிட்டா எனக்கு எவ லேபிள் ஒட்டுவா? ஆர்டர் நிக்குது” என்றார். டாக்டரம்மா அங்கேயே நின்றார். நானும் நகரவில்லை. அவர் தலையைச் சொறிந்தார். “சரி, தூசியில்லாத எடத்துல அட்டைப்பெட்டி போடட்டும். பேரு இருக்கும். சோசியக்கார அம்மா சொன்னா தட்ட முடியுமா?”

சீட்டை அவளிடம் கொடுத்தபோது இதைத்தான் முதலில் சொன்னேன். நோயைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசினேன்.

3. முதுகு

சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கி நிற்கும் நோய். சின்ன வயதில் வந்த ஏதோ கடுமையான நெஞ்சுச் சளி விட்டுப்போன வடுவாக இருக்கலாம் என்றார்கள். முழுதாகக் குணமாகாது. மருந்து சாப்பிட்டு, தேங்குகிற சளியைத் தினமும் வெளியேற்றினால் மேலே போகாமல் நிறுத்தலாம்.

ரத்தம் நின்றுவிட்டது. வெற்றிலையை விட்டுவிட்டாள். விரல்கள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் நல்ல எண் காட்டினாலும் கையைத் துடைத்துப் பாருங்கள். நோயைச் சொல்வதற்கு முன்னால், நாளைக்கு அவள் எங்கே நிற்பாள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சளியை வெளியேற்ற உதவும் பிசியோதெரபிக்கு அவள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு தடவை போனாள். சீசன் சூடுபிடித்ததும் நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டு, என் லீவு நாட்களில் அதே பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எப்படிப் படுக்க வைப்பது, சளி இளகி வர முதுகில் எங்கே தட்டுவது, எப்போது தட்டவே கூடாது என்று கற்றுக்கொண்டேன். ரத்தம் நின்று போதுமான நாளாகிவிட்டது, இனிச் செய்யலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்து அவள் வேனுக்கு வந்தாள். தலை தாழ, இடுப்பு உயரப் படுக்க வைத்தேன். வெளியே காடு முழுக்க மஞ்சள் வெயில். உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து, அவள் முதுகின் இடது பக்கத்தில் மெல்லத் தட்ட ஆரம்பித்தேன்.