பட்டியின் சாவி

லேத் மெஷினில் ஊற்றும் எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் மூச்சு முட்டுகிறது. அம்பத்தூரில் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பேன். கூட வருகிறவர்கள், இவளுக்கு என்ன பெரிய இடத்துச் சுத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது என் நைனாவின் காக்கிச் சட்டை வாசனை என்பதும், பதினொரு வயதில் ஒரு சனிக்கிழமை மாலை அந்தச் சட்டையின் பித்தான் கன்னத்தில் அழுந்திக் கிடக்க, இதுதான் என் கடைசி மூச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது. பொங்கல் கழிந்ததும் அங்கே கால்பந்துப் போட்டி நடக்கும். அதிகாரிகளுக்கும் அவர்கள் வீட்டம்மாக்களுக்கும் பந்தலுக்கடியில் நாற்காலி, கொஞ்சம் வசதியானவர்களுக்குப் பக்கவாட்டில் பலகை அடித்த கேலரி, மற்ற எல்லோருக்கும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கிற இடம் என்று மூன்று வகையாகப் பிரித்திருப்பார்கள். நின்று பார்க்கிற இடத்துக்கு எங்கள் ஜனம் வைத்த பெயர் 'பட்டி'. ஆடு மாடு அடைக்கிற பட்டியேதான்: இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தகரம், முந்தின வருடம் கூட்டம் உள்ளே ஓடி நடுவரை அடித்துவிட்டதால் முன்பக்கம் இரும்பு வலை, பின்பக்கம் இரண்டு பேர் ஒட்டி நடக்கிற அகலத்தில் ஒரே ஒரு வழி. "பொட்டப்புள்ளைய ஆம்பளைங்க கூட்டத்துல இட்டுகினு போறியே, உனக்கு அறிவு கீதா?" என்று அம்மா வருடா வருடம் கத்துவாள். "எங்கூடதான கீறா, இன்னா ஆயிடும்?" என்று நைனாவும் வருடா வருடம் அதே பதிலைச் சொல்லிவிட்டு என்னை சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொள்வார்.

சைக்கிளைச் சொல்ல வந்தேன். முந்தின வருடம் அரையிறுதி நடக்கும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாஷா மாமாவின் புது சைக்கிளை எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவரும் நைனாவும் ஃபாக்டரியில் ஒரே செக்ஷன். மாமா பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிய பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், நைனா பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் போய் நீளமான சங்கிலி ஒன்றும் பெரிய பூட்டு ஒன்றும் வாங்கி வந்தார். அதிலிருந்து செக்ஷன் ஆட்கள் எல்லோருடைய சைக்கிளையும் பட்டிக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, முன்சக்கரங்களுக்குள் சங்கிலியை விட்டு ஒரே பூட்டாகப் பூட்டுவார்கள். சாவி நைனாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். 'சங்கிலி' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை, எனக்கு அதைவிட அதிகம்.

இறுதி ஆட்டத்தன்று நெமிலிச்சேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். சைக்கிள் வரிசை நீண்டு நீண்டு பட்டியின் வழியையே அடைத்துவிட்டது. எல்லோரும் சைக்கிள்களைத் தாண்டி உள்ளே வந்த பிறகு, நைனா சங்கிலியின் நுனியை வழியின் அந்தப் பக்கத்துக் கம்பத்தில் சுற்றிப் பூட்டினார். டிக்கெட் இல்லாதவன் நுழைய முடியாது என்று காவலுக்கு நின்றவருக்கும் சந்தோஷம். பாஷா மாமா மட்டும், "நடுவுல எவனுக்காச்சும் வெளிய போவணும்னா இன்னாபா பண்றது?" என்று கேட்டார். "பைனல் மாமே இது. விசில் ஊதங்காட்டியும் எவன் போவப் போறான்?" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் பக்கத்து கோலில் குவார்ட்டர்ஸ் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கேலரியில் இருந்தவர்களுக்கு அங்கிருந்து கோல் சரியாகத் தெரியாது. தகரத்தைத் தாண்டித் தொப்புத் தொப்பென்று பட்டிக்குள் குதித்தார்கள். குதிப்பது சுலபம், திரும்ப ஏற முடியாது. முதலில் கால் வைத்த இடத்தைவிட்டு அசைக்க முடியாமல் போயிற்று, பிறகு கையை உயர்த்த முடியவில்லை, பிறகு என் கால்கள் தரையில் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. பந்து உள்ளே போனது என்று எழுந்த சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கூட்டம் மொத்தமும் துள்ளி முன்னால் சரிந்தது. வலையோரத்தில் நின்றவர்கள் போட்ட கூச்சலைப் பந்தலில் இருந்தவர்கள் ஆரவாரம் என்றே நினைத்தார்களாம், கை தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

பட்டியின் நடுவில் ஒலிபெருக்கி கட்டிய கம்பம் ஒன்று இருந்தது. நைனா என்னை அதில் சாய்த்து, இரண்டு கைகளாலும் கம்பத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டார். கம்பத்துக்கும் அவர் வயிற்றுக்கும் இடையில் நான் இருந்தேன். பின்னால் போக முயன்றவர்கள் சைக்கிள்கள் மேல் விழுந்தார்கள், அங்கிருந்து "பூட்டு! பூட்டு!" என்று குரல் வந்தது, பிறகு "சங்கிலி! டேய் சங்கிலி, சாவியக் குடுறா!" என்று வந்தது. நைனா அழுவது போல ஒரு சத்தம் செய்தார். கையை எடுத்தால் சாவியைக் கொடுக்கலாம். கையை எடுத்தால் நான் நசுங்கிவிடுவேன்.

"பாப்பா, இடுப்புல சாவி கீது பாரு. அத்த அவுத்துடு" என்றார்.

சட்டையைத் தூக்கி விரல்களால் துழாவினேன். முடிச்சு வியர்வையில் ஊறி இறுகியிருந்தது. நகத்துக்கு வரவில்லை. கம்பத்தோடு சறுக்கிக் கீழிறங்கி, எண்ணெயும் உப்புமாக இருந்த அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்தேன். எவ்வளவு நேரம் கடித்தேனோ தெரியாது. அறுந்ததும் சாவியை எப்படியோ அவர் தோளுக்கு மேல் நீட்டினேன். "சாவி! பின்னால குடு! கீழ வுட்றாதீங்கப்பா!" என்று நைனா கத்தினார். யாருடைய கையோ அதை என் விரல்களிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பிறகு சாவி எங்கே போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. காத்திருந்தோம். என் உச்சந்தலையில் அவருடைய மூச்சு விட்டு விட்டு விழுந்தது. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது, அவள் கத்தியதில் தப்பே இல்லை என்று தோன்றியது. ரொம்ப நேரம் கழித்து எங்களை அழுத்திய பாரம் கொஞ்சம் இறங்கியது, யாரோ திறந்துவிட்டிருந்தார்கள்.

சாவு எதுவும் விழவில்லை. வழியோரம் நின்றிருந்த பாஷா மாமா மட்டும் சைக்கிள்களின் மேல் விழுந்து, அவர் மேல் பத்துப் பேர் விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. அவர் எழுந்து நடக்க ஆறு மாதம் ஆயிற்று. நடந்தபோது சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். காலையில் எங்கள் வீட்டு வழியாக அவர் வேலைக்குப் போகும் சத்தம் கேட்டால் நைனா கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒருநாள் மாமா நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார். "இன்னா அண்ணாத்தே, எத்தினி நாளிக்கு ஒளிஞ்சுகினு இருப்ப? எஞ் சைக்கிளுக்கோசரம்தான நீ சங்கிலியே வாங்குன?" என்றார். மாமா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுபார்த்துவிட்டுப் போனார்.

மறுவருடம் செக்ஷன் ஆட்கள் மைதானத்தில் தகரத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். பட்டிக்குள் இடுப்பு உயரத்துக்குச் சவுக்குக் கம்புகளை வரிசை மாற்றி வரிசை மாற்றி நட்டு, தள்ளினால் பிடித்துக்கொள்ள வசதியாகக் குறுக்குக் கம்பு கட்டினார்கள். பின்னால் மூன்று வழி விட்டார்கள். அத்தனையும் நைனாவின் யோசனை. ஆட்டம் தொடங்கியதும் அவர் மூன்றில் நடுவில் இருந்த வழியில் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், யாரும் அங்கே சைக்கிள் விடக் கூடாது என்று. தொண்ணூறுகளில் அந்தப் போட்டி நின்றுபோகும் வரை அப்படியே நின்றார். பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாத மனுஷன், அதற்குப் பிறகு ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. சத்தம் எழும்போதெல்லாம் நான் ஓடிப்போய், "நைனா, நம்மது" என்றோ "அவுங்களுது" என்றோ சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

இப்போது அங்கே பட்டியும் இல்லை, சவுக்குக் கம்பும் இல்லை, சைக்கிள்களும் இல்லை. எண் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோருக்கும் உட்கார இடம். பாஷா மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஏதோ ஒரு போட்டி என்று நைனாவைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். முதல் வரிசையில் இடம். எங்களுக்கு முன்னால் இடுப்பளவு இரும்புக் கம்பி. கோல் விழுந்ததும் நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பின்னால் எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் படபடவென்று மடிந்தன. கைத்தடி கீழே விழும் சத்தம் கேட்டது. எண்பது வயதைத் தாண்டிய என் நைனா எழுந்து வந்து என் முதுகோடு ஒட்டி நின்று, இரண்டு பக்கமும் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்திருந்தார். எண்ணெய் வாசனை இல்லை, வெறும் விபூதி வாசனை. ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது, அழுகையும் வந்தது.

"நைனா, நம்மது" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. கம்பியை விடாமல் தலையை மட்டும் திருப்பி, பின்னால் திறந்து கிடந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.