பேய்ப் படம் பார்த்துவிட்டுப் பால் கொடுக்கலாமா?

பயந்துபோன தாய் உடனே பால் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். அது உண்மையா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திருப்பதியில் பேய்ப் பட விழா. முதல் படம் முடிந்து வெளியே வருகிறேன். தியேட்டர் வராந்தாவில் கணவர் தோளில் ஏழு மாத மகள் பசித்து அழுகிறாள். வாங்கிக்கொண்டு, பால் கொடுக்கத் தயங்கி நிற்கிறேன். டார்ச் அடித்து சீட் காட்டிய அக்கா என்னவென்று கேட்கிறார். சொன்னதும் சிரிக்கிறார்.

"நீயா பயந்தே? பேய் வந்தப்பல்லாம் சிரிச்சிக்கினு இருந்தே. நான்தான் கண்ணை மூடிக்கினேன். பால் கொடும்மா, பாப்பா அழுதுக்கினு கீது."

கொடுக்கிறேன். குடித்துவிட்டு மடியிலேயே தூங்குகிறாள்.

அடுத்த படம் இதைவிடப் பயங்கரமாம். பார்க்க ஆசையாக இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்களே, நீங்களாக இருந்தால் உள்ளே போவீர்களா? எழுதுங்கள்.