கணக்கில் சேராத முதல் தேடல்

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்த மென்பொருள் கம்பெனியில் ஷைஸ்தா ஆறு வருஷமாக வேலை பார்த்தாள். தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போய், தன் வீட்டில் முதல் ஆளாக மாதச் சம்பளத்துக்கு வந்தவள். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் வாப்பா உதுமான், "கம்ப்யூட்டரு எவ்ளோ வேகமா பதில் சொல்லுதுன்னு பாக்கணும். இவ சரின்னாத்தான் சாமான் வெளிய போவும்" என்பார். அரைகுறையாகக் கேட்டுவைத்துச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார்.

கம்பெனி செய்து கொடுக்கும் மென்பொருளுக்குள் விவரங்கள் எல்லாம் அட்டவணைகளாகக் கிடக்கும். ஒன்றில் ஆட்களின் பெயர், இன்னொன்றில் அவர்கள் வந்துபோன தேதி, மற்றொன்றில் வாங்கிய மருந்து. திரையில் ஒரு பெயரை அடித்ததும் இந்த அட்டவணைகளைக் கோத்து வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லும் கட்டளையை அவர்கள் க்வெரி என்பார்கள். ஒவ்வொரு க்வெரியும் பதிலோடு திரும்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்று அளந்து, அறிக்கை எழுதி, கீழே தன் பெயரைப் போடுவது ஷைஸ்தாவின் பொறுப்பு.

பிப்ரவரியில் அவளிடம் வந்தது ஓர் அறக்கட்டளையின் மென்பொருள். ஆண்டாப் ஹில்லில் தொடங்கி சீத்தா கேம்ப் வரை அவர்களுக்கு ஆறு மருந்தகங்கள். வலிப்பு நோய்க்காரர்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இலவசமாக மாத்திரை கொடுப்பார்கள். அதுவரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று திரையில் பார்க்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது புது விதி.

அதில் பெயரைத் தேடும் க்வெரிதான் சிக்கலானது. முகைதீன் என்கிற ஒரே பெயரை மூன்று விதமாக, நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதனால் அடித்த எழுத்துகள் பெயரின் எந்த இடத்தில் இருந்தாலும் எடுத்துக் கொடு என்று க்வெரியை எழுதியிருந்தார்கள். அகராதியில் முதல் எழுத்துத் தெரிந்தால் சட்டென்று புரட்டிவிடலாம். நடு எழுத்து மட்டும் தெரிந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தாக வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே பாடுதான்.

ஷைஸ்தா வாப்பாவின் பெயரையே அடித்து அளந்தாள். முதல் தடவை முப்பத்தொரு விநாடி ஆனது. இரண்டாம் தடவை 0.3. மூன்றாம் தடவையும் அதே 0.3. ஒருமுறை தேடிய பெயருக்குக் கிடைத்த பதிலைக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். பத்துத் தடவை ஓட்டி, முதலாவதைக் கழித்துவிட்டு, மற்ற ஒன்பதுக்குச் சராசரி எடுப்பது அந்தத் தொழிலில் பல இடங்களில் உள்ள வழக்கம்.

ஆனாலும் அந்த முப்பத்தொன்று உறுத்தியது. எழுந்துபோய் வெங்கியிடம் காட்டினாள். வெங்கடேஸ்வரன் என்ற வெங்கிதான் அவளுக்கு மேலாளர். மாட்டுங்காக்காரர், ஐம்பதை நெருங்குபவர், சுபாவத்தில் நல்ல மனிதர்.

"முதல் தடவை வெறும் வார்ம்-அப் ரன், அதை யாராவது கணக்குல சேப்பாளா? தள்ளிடு" என்றார். "ஏப்ரல் ஒண்ணுக்கு லைவ் போறோம்னு சொல்லிட்டேன். இப்போ போய் முப்பதுன்னு எழுதினா அவா பயந்துண்டு தள்ளிப்போட்டுடுவா."

ஷைஸ்தா தன் இடத்துக்கு வந்து 0.3 என்று எழுதிப் பெயரைப் போட்டாள். அதில் பொய் என்று ஒரு எழுத்தும் இல்லை.

ஏப்ரலில் நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். மே மாதம் சீத்தா கேம்பிலிருந்து நான்கு புகார்கள் வந்தன. நான்கையும் நெட் கோளாறு என்று எழுதி முடித்தார்கள். ஐந்தாவது புகார் ஜூன் முதல் வாரம் வந்தபோது, புகார் பார்க்கிற சிராஜ் லீவில் இருந்ததால் ஷைஸ்தாவைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள்.

மருந்தக கவுன்டரில் இருந்தவள் நஜ்முன்னிசா. இருபது வருஷமாக அங்கே மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். ஷைஸ்தா தாராவிப் பெண் என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இங்கன உக்காருளா. நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாரு."

வரிசையின் முதல் ஆள் பெயரைச் சொன்னார். நஜ்முன்னிசா அடித்தாள். ஷைஸ்தா போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு விநாடி. அடுத்த பெயருக்கு நாற்பத்தொன்று. அதற்கடுத்த பெயர் எழுத்து மாறியிருந்ததால் கிடைக்கவில்லை. வேறு மாதிரி அடித்து, மறுபடியும் நாற்பது. ஷைஸ்தா கையை நீட்டி, முதலில் வந்துபோனவரின் பெயரை மீண்டும் அடித்துப் பார்த்தாள். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

இங்கே ஒரே ஆளை யாரும் இரண்டாம் தடவை தேடப்போவதில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அவள் கழித்துவிட்ட அந்த முதல் தடவைதான்.

"நெட்டுன்னு சொல்லுதான் ஒங்க ஆபீஸ்காரன்" என்றாள் நஜ்முன்னிசா.

"நெட்டு இல்ல லாத்தா." ஷைஸ்தா ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினாள். "நோட்டு இருக்கும்போது எப்டி?"

"மொகத்தப் பாத்ததும் பக்கத்தப் பொரட்டிருவேன். ஒம்போது மணிக்குள்ள கூட்டம் காலியாயிரும். இப்பம் மணி பத்தாவப் போவுது, இன்னும் இருவது பேரு நிக்காவ. வேலைக்குப் போறவன் எவ்ளோ நேரம் நிப்பான்? வெறுங்கையோட போயிருதான். நம்ம முகைதீன் அப்டித்தான போனான்."

"எந்த முகைதீன்?"

"மூட்ட தூக்குதவன். ரெண்டு வாட்டி வந்தான், ரெண்டு வாட்டியும் மாத்திர வாங்காம போயிட்டான். அப்புறம் டெம்போவுல ஏறும்போது வலிப்பு வந்து கீழ வுழுந்து, வலது கை ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு. கம்பி வச்சிருக்காவ."

மென்பொருள், நடந்த ஒவ்வொரு தேடலையும் மணி நிமிஷத்தோடு குறித்துவைக்கும். ஷைஸ்தா அங்கேயே உட்கார்ந்து மே மாதத்துப் பதிவுகளை எடுத்தாள். ஒரு திங்கள்கிழமை காலை, எட்டு ஐம்பத்து நான்குக்கு முகைதீன் என்ற பெயரை ஒருவிதமாகத் தேடியிருக்கிறார்கள், முப்பத்தேழு விநாடி. இன்னொரு விதமாக, முப்பத்தொன்பது. மூன்றாவது விதமாக, நாற்பத்து நான்கு. நான்காவது எழுத்துக்கூட்டலில் ஆள் கிடைத்திருக்கிறார். மருந்து கொடுத்ததாகப் பதிவு இல்லை.

"ஆமா, அந்த நாளு எனக்கு ஞாவகம் இருக்கு" என்றாள் நஜ்முன்னிசா. "வெளிய டெம்போக்காரன் ஹாரன் அடிக்கான். இவன் திரும்பித் திரும்பிப் பாக்கான். பேரு வந்தப்போ ஆளு இல்ல."

அன்று ஆபீசுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஷைஸ்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். நேரே வெங்கியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ தப்புப் பண்ணலைம்மா. எல்லாரும் அப்படித்தான் அளக்கறா."

"அளந்தது சரிதான் சார். ஆனா அந்த முப்பத்தொண்ண நான் பாத்தேன். பாத்துட்டு எழுதாம விட்டேன்."

"நானும்தான் பாத்தேன்" என்றார் வெங்கி. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, அவாளுக்கு எழுது. ஆனா ஃபிக்ஸ் ரெடியானப்புறம் சேத்து அனுப்பு. ப்ராப்ளத்தை மட்டும் சொன்னா அசிங்கமா இருக்கும்" என்றார்.

சரி செய்ய ஒன்பது நாளாவது ஆகும். அந்த ஒன்பது நாளும் ஆறு மருந்தகங்களில் வரிசை நிற்கும். ஷைஸ்தா அன்று மாலையே அறக்கட்டளையின் தலைமை மருத்துவருக்கு மெயில் அனுப்பிவிட்டாள். முதல் தடவை முப்பத்தொரு விநாடி ஆனது, அதை அறிக்கையில் நான் சேர்க்கவில்லை, நாளையிலிருந்து தயவுசெய்து பழைய நோட்டுகளை எடுங்கள் என்று நாலு வரிதான் எழுதினாள். மறுநாள் காலை நஜ்முன்னிசா பரணிலிருந்து நோட்டுக் கட்டை இறக்கினாள். வெங்கி அந்த மெயிலைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் ஷைஸ்தாவிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் முகைதீன் வீட்டைத் தேடிப் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் பொருந்தவில்லை. போகாமல் இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒற்றை அறை. முகைதீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் மனைவி மெஹராஜ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மருந்தகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

ஷைஸ்தா உட்காரவில்லை. தான் யார், என்ன வேலை, எதை எழுதினாள், எதை எழுதாமல் விட்டாள் என்று முழுவதையும் சொன்னாள். மெஹராஜ் அவளைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் நீங்க வரிசையில நின்னது நெசந்தானா?"

"நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் முகைதீன். "ரெண்டு நாளும் நின்னேன், கம்ப்யூட்டரு சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னேன். நீ எங்க நம்புன?"

"டீக்கடையில நின்னுட்டு மாத்திரைய வுட்டுட்டீயன்னு நெனச்சேன். ஒங்க தம்பிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஒரு மாசமா என்னெல்லாம் பேசிட்டேன்..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து ஷைஸ்தாவின் பக்கம் திரும்பினாள். "நீ தெரிஞ்சுதான் எழுதாம வுட்டியா?"

"ஆமா மைனி."

"ஏன்?"

"எழுதியிருந்தா தேதி தள்ளிப் போயிருக்கும்."

"தள்ளிப் போனா என்ன ஆயிருக்கும்?" என்று முகைதீன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கொஞ்ச நாள் நோட்டுலயே நடந்திருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். வெளியே யாரோ குழாயடியில் குடத்தை உருட்டும் சத்தம் கேட்டது. முகைதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பியா? நான் குடிச்சுட்டு வுழுந்தேன்னு மேஸ்திரி எல்லாத்துட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதான். எந்த டெம்போவுலயும் என்ன ஏத்த மாட்டேங்கான். நான் தொட்டதில்லம்மா."

ஷைஸ்தாவுக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுத வராது. மேஸ்திரியும் வடக்கத்திக்காரர். அதனால் இந்தியில் எழுதினாள். மாத்திரை வாங்க வந்து நின்ற நாட்கள், தேடலுக்கு ஆன விநாடிகள், பிழை தன்னுடையது என்பது, எல்லாவற்றையும் எழுதிப் பெயரும் போன் நம்பரும் போட்டாள். மெஹராஜ் அதை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் வைத்து ரேஷன் கார்டோடு சேர்த்துக்கொண்டாள். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். மன்னித்ததாக இருவரும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் ஷைஸ்தாவுக்கும் இல்லை.

க்வெரியைத் திருத்த ஒன்பது நாள் என்று நினைத்தது பன்னிரண்டு ஆனது. எப்படி எழுதினாலும் ஒரே ஓசையுள்ள பெயர்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்படி அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, அதற்கு அகராதி போல வரிசையும் கட்டினார்கள். இந்தத் தடவை ஷைஸ்தா அறுநூறு வெவ்வேறு பெயர்களை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தடவைதான் தேடினாள். தொடங்கும்போது சர்வரை அணைத்துப் போட்டு, பழைய நினைவு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். பெரும்பாலும் 0.4 வந்தது, மிக மோசமானது 1.1. அறிக்கையின் முதல் வரியில் அந்த 1.1ஐ எழுதினாள்.

மாதக் கூட்டத்தில் யாரோ இதைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள். நாற்பது விநாடி அரை விநாடி ஆனதற்கு எல்லோரும் கை தட்டினார்கள். கேக் வெட்டி முதல் துண்டை அவளிடம் நீட்டினார்கள். அவள் பேப்பர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எதிரே வெங்கியும் கேக்கைத் தொடாமல் நிற்பதைப் பார்த்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மேஸ்திரி அவள் எழுதிக் கொடுத்த பேப்பரைப் படித்தாராம். குடி என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. ஆனால் வேலையும் கொடுக்கவில்லை. தோளுக்கு மேலே தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு மூட்டைக்கு எப்படிக் கூப்பிடுவது? மழை வலுத்தபோது முகைதீன் குடும்பத்தோடு அம்பர்நாத்துக்குப் போய்விட்டார். தம்பி அங்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தான், வாசலில் லாரி நம்பர் குறிக்கிற வேலை வாங்கிக் கொடுத்தான். இதெல்லாம் நஜ்முன்னிசா சொல்லித்தான் ஷைஸ்தாவுக்குத் தெரியும். அம்பர்நாத்தில் அறக்கட்டளைக்கு மருந்தகம் இல்லாததால், மென்பொருளில் அவர் பெயருக்கு எதிரே ஆள் இடம் மாறிவிட்டார் என்று குறித்து மூடிவிட்டார்கள்.

ஹஜ் பெருநாளுக்கு மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது.

"நான் மெஹராஜ் பேசுதேன். பேப்பர்ல ஒன் நம்பரு இருந்துச்சுலா, அதான். அவ்வொ இங்கன கவருமெண்டு ஆஸ்பத்திரியில மாத்திர வாங்கி ஒழுங்கா சாப்புடுதாவ. சொல்லணும்னு தோணுச்சு."

"சரி மைனி" என்றாள் ஷைஸ்தா. கை எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. மெஹராஜும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வேலை கிடக்கிறது என்று போனை வைத்தாள்.